முரசு கரைதலும் ஒட்டு வைத்தலும்

முரசு என்ற சொல்லைக் கேட்டதும் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழருக்குப் போர்க்களத்தில் முழங்கும் தோற்கருவியே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கோ அச்சொல் வாய்க்குள் இருக்கும் ஒன்றையே முதலிற் குறிக்கும். பல்லைச் சுற்றி நின்று அதனைக் காக்கும் தசையை ஏனையோர் ஈறு என்பர்; குடாநாட்டில் அது முரசு. முரசு வீங்கிவிட்டது, முரசால் இரத்தம் வருகிறது, முரசு கரைந்துவிட்டது என்றே மக்கள் பல் வைத்தியரிடம் முறையிடுவர். இப்பேச்சும் அவ்வழக்கையே மேற்கொள்கிறது.

நாற்பது வயதைக் கடந்தவர்களிற் பலர் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது தம் முன்பற்கள் முன்னிலும் நீண்டு தோன்றுவதைக் கண்டிருப்பர். வயது போகப் போகப் பல்லும் நீளும் என்று வீட்டிலுள்ள மூத்தோர் அதற்குச் சமாதானமுங் கூறிவிடுவர். உண்மையில் பல் நீள்வதில்லை. பல்லின் கழுத்தைப் பற்றி நின்ற முரசு தன் இடத்தை விட்டு விலக, அதுவரை மறைந்திருந்த வேர் வெளியே தெரிகிறது, அவ்வளவே. மேற்பல்லில் முரசு மேலேறும், கீழ்ப்பல்லிற் கீழிறங்கும். எத்திசையிற் சென்றாலும் அது தானாகத் திரும்பி வருவது மிக அரிது.

பல்லின் தலைப்பகுதியை மிளிரி என்னும் மிகக் கடினமான பூச்சு மூடியிருக்கிறது. மனித உடம்பில் இதனினும் வன்மையான பொருள் வேறில்லை. வேருக்கு இக்கவசம் கிடையாது. அதன் மேற்பூச்சு மெல்லியது, விரைவில் தேய்ந்துவிடுவது. அதன் அடியில் எண்ணிறந்த நுண்குழாய்கள் பல்லின் உள்ளிருக்கும் நரம்பை நோக்கிச் செல்கின்றன. வேர் வெளிப்பட்டபின் குளிர்ந்த சோடாவை ஒரு மிடறு குடித்தாலும், சூடான ஒடியற்கூழை வாயில் வைத்தாலும், புளிமாங்காயைக் கடித்தாலும் மின்னல் வெட்டியது போன்ற கூச்சம் எழுவது இதனாலேயே. கூச்சத்துக்கு அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமல் விடுவோர் உண்டு. அங்கே அழுக்குப் படியும். அழுக்கினால் முரசு அழலும். அழன்ற முரசு மேலும் கரையும். கவசமற்ற வேரைச் சொத்தையும் எளிதிற் பற்றும்.

இங்கே இன்னொன்றையும் அறிந்து கொள்ளுதல் நன்று. பல்லைச் சுற்றியுள்ள தசை முழுவதும் ஒரே தன்மையது அன்று. பல்லை ஒட்டிய பகுதி வெளிர்சிவப்பாய், தடித்து, அடியிலுள்ள எலும்போடு இறுகப் பற்றி நிற்கும். இதன் மேற்றோல் உள்ளங்கையின் தோல்போல் உரம் பெற்றது. உணவு உராய்ந்தாலும் தூரிகை பட்டாலும் தாங்கும். அதற்கு அப்பால், உதட்டையும் கன்னத்தையும் நோக்கிச் செல்லும் பகுதி கடுஞ்சிவப்பாய், மென்மையாய், உதட்டை இழுத்தாற் கூடவே அசைவதாய் இருக்கும். முதலாவது பல்லுக்கு வேலி. இரண்டாவது வெறும் திரைச்சீலை. முரசு கரைதல் என்பது பெரும்பாலும் அந்த வேலி குறைந்து, திரைச்சீலை பல்லின் அருகே வந்துவிடும் நிலையாகும். பின்னர் கூறப்படும் சத்திரசிகிச்சையின் பொருள் முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

முரசு ஏன் கரைகிறது? காரணம் ஒன்றன்று. சிலருக்குப் பிறவியிலேயே முரசு மிக மெல்லியது. பல்லின் முன்புறத்தை மூடும் எலும்பும் காகிதம் போன்றது. வரிசை தப்பி முன்னே தள்ளிய பல்லுக்குச் சில வேளை முன்புறத்தில் எலும்பே இராது. அத்தகைய இடத்தில் கடுமையாகத் துலக்கினால் முரசு விலகிப்போகும். யாழ்ப்பாணத்து முற்றங்களில் உமிக்கரியும் உப்பும் சாம்பலும் கொண்டு, சுட்டுவிரலாற் கரகரவென்று தேய்த்துப் பல்லை வெண்மையாக்கியவர்கள் ஏராளம். வேப்பங் குச்சியையும் ஆலம் விழுதையும் நன்றாக மென்று, நுனியை மெல்லிய நாராக்கிப் பயன்படுத்தியவர்களுக்குத் தீங்கு குறைவு. மெல்லாமல் மொட்டைக் குச்சியாற் குத்தித் தேய்த்தவர்களுக்கு அதுவே உளியாயிற்று. இக்காலத்தில் கடினமான பற்தூரிகையைக் கையில் எடுத்து, வாள் அறுப்பதுபோல் குறுக்கே இழுப்பவரும் அதே செயலையே வேறு கருவியாற் செய்கின்றனர். வலக்கையால் துலக்குவோருக்கு இடப்புறக் கடைவாய்க்கு முன்னுள்ள பற்களில் முரசு கூடுதலாகக் கரைந்திருப்பதை வைத்தியர்கள் அடிக்கடி காண்கின்றனர்.

மற்றொரு காரணம் அழுக்கு. பல்லின்மேல் நாடோறும் படியும் மெல்லிய படலம் உயிருள்ள பற்றீரியாக்களின் கூட்டம். அகற்றாமல் விட்டால் அது உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக் காரையாக இறுகும். படலத்துக்கும் முரசு நோய்க்கும் உள்ள தொடர்பை ஐயமற நிறுவியவர் நோர்வேயிற் பிறந்த ஹரால்ட் லோ என்னும் அறிஞர். டென்மார்க்கின் ஆகூஸ் நகரில் அவரும் அவருடைய துணைவர்களும் 1965 இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல முரசுடைய பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தினர். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் முரசு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் அது தணிந்தது. இத்துணை எளிய சோதனை ஒன்று அதுவரை நிகழ்ந்த நெடுங்கால வாதங்களுக்கு முடிவு கட்டியது.

அதே லோ இலங்கைக்கும் வந்தார். பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் இல்லாத மக்களிடம் முரசு நோய் தன் போக்கில் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய விரும்பிய அவரும் ஓகே அனெருட், ஹான்ஸ் பொய்சன் ஆகியோரும் 1970 இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளரை ஆராயத் தொடங்கினர். அவர்கள் மலையகத் தமிழர். தொடக்கத்தில் பதினான்கு வயது முதல் முப்பத்தொரு வயது வரையினர். ஒப்பிடுவதற்கு ஒஸ்லோ நகரில் கற்றோரும் கற்போருமான 565 நோர்வேஜியர் ஓராண்டு முன்பே, 1969 இல், தெரிந்தெடுக்கப்பட்டிருந்தனர். இவர்கள் சிறு வயதிலிருந்தே பல் வைத்தியரிடம் சென்று பழகியவர்கள்.

தேயிலைத் தோட்டத்தில் 1985 வரை மீண்டும் மீண்டும் அதே மனிதரின் வாய்கள் அளக்கப்பட்டன. ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேரிடம் நோய் விரைந்து பரவியது. அவர்கள் நாற்பத்தைந்து வயதில் பற்கள் அனைத்தையும் இழந்துவிட்டிருந்தனர். எண்பத்தொரு பேரிடம் அது நடுத்தரமாகச் சென்றது. பதினொரு பேரிடமோ, பல்லை அழுக்கு மூடியிருந்தும், முரசின் ஓரத்து அழற்சிக்கு அப்பால் நோய் செல்லவே இல்லை. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே பழக்கம். ஆயினும் உடம்புக்கு உடம்பு பேறு வேறாயிற்று. இம்மக்களிடம் பற்சொத்தை இல்லையென்று கூறத்தக்க அளவுக்கு அரிதாயிருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர்களின் பற்கள் கெட்டு விழவில்லை. பிடிமானம் இழந்து விழுந்தன.

முரசு கரைதல் பற்றி மாத்திரம் அவ்வறிஞர்கள் 1992 இல் வெளியிட்ட கணக்கு இப்பேச்சுக்கு மிக வேண்டியது. நோர்வேயிற் பல்லைச் செம்மையாகத் துலக்கியவர்களுக்கும் முரசு கரைந்தே இருந்தது. இருபது வயதில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல்; ஐம்பதை நெருங்கும்போது தொண்ணூறு பேருக்கு மேல். ஆனால் இளமையில் அது பல்லின் வெளிப்புறத்தோடு நின்றது. தேயிலைத் தோட்டத்தாருக்கு இருபது வயதுக்கு முன் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல். முப்பது வயதில் தொண்ணூறு பேர். நாற்பதில் ஒருவர் தப்பாமல் அனைவரும். அவர்களுக்கோ கரைவு வெளிப்புறத்தில் மட்டுமன்றி நாவின் பக்கத்திலும் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலும் உண்டாயிற்று.

எனவே ஒரே பெயரால் வழங்கும் இக்குறை இருவகைப்படும். துலக்குவதன் மிகையால் வருவது ஒன்று; துலக்காமையால் வருவது மற்றொன்று. முன்னது பல்லின் முகப்பை மட்டும் தீண்டும். பின்னது பல்லைச் சுற்றிலும் எலும்பையே உண்ணும். ஒட்டுச் சத்திரசிகிச்சை எவருக்குப் பயன்படும், எவருக்குப் பயன்படாது என்னும் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அந்தத் தொழிலாளரைப் பற்றி இன்னொரு சொல். உலகெங்கும் பல் வைத்தியம் பயிலும் மாணவர் இன்றும் அந்த 480 பேரின் வாய்களிலிருந்தே முரசு நோயின் இயற்கையைக் கற்கின்றனர். 2010 இல் வேறு ஆய்வாளர் சென்று தேடியபோது அவர்களில் எழுபத்தைந்து பேரை மறுபடி பரிசோதிக்க முடிந்தது. நோய் வளர்வதைப் பதினைந்து ஆண்டு பார்த்து அளந்தவர்கள், அளக்கப்பட்டவர்களுக்குக் கடன்பட்டவர்கள் அல்லரோ என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. எழுந்தது முறையே. பெயர் தெரியாத அம்மனிதர்களின் பற்கள் உதிர்ந்த வரலாறே பல நாட்டாரின் பற்களைக் காக்கும் அறிவாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

யாழ்ப்பாணத்தில் மூன்றாவது காரணமொன்றும் பெரிதாய் நிற்கிறது. அது புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிக் குடாநாட்டுக் கமக்காரருக்குச் செல்வம் தந்த பயிர் அது. சுருட்டுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் வழக்கமும் இதனோடு வளர்ந்தது. ஒதுக்கிய இடத்துக்கு நேரேயுள்ள முரசு கரைவது பலரிடமும் காணக்கூடியது. அதனினும் கொடியது வாய்ப்புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் உறுதிப்படுத்திற்று. வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமற் போதல், கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகுதல், ஆறாத புண், வெண்படை அல்லது செம்படை ஆகியவற்றுள் எதுவும் காணப்பட்டால், முரசைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே காத்திருக்கத்தக்கது முரசு, புண் அன்று.

இனி ஒட்டைப் பற்றிக் கூறலாம். ஒட்டு என்றாற் குடாநாட்டாருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கறுத்தக்கொழும்பான் மாவை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. விதையிலிருந்து வளர்த்தால் தாய்மரத்தின் சுவை உறுதியாய் வருவதில்லை என்பதால், வேறு மாங்கன்றின் அடியில் அதன் கிளையை ஒட்டுகின்றனர். பழைய முறையில் தாய்மரத்தில் இருக்கும் கிளையை அறுக்காமலே அருகில் வைத்த கன்றோடு சீவிப் பொருத்திக் கட்டுவர். இரண்டும் ஒன்றிய பிறகே தாயிடமிருந்து கிளையை அறுப்பர். பிந்திய முறையில் குருத்துத் தண்டை முன்னரே வெட்டியெடுத்துக் கன்றின்மேற் செருகிக் கட்டுவர். முன்னதில் ஒட்டுக்குத் தாயின் சாறு ஓடிக்கொண்டேயிருக்கும், ஆபத்துக் குறைவு. பின்னதில் சில நாள் அது அநாதை.

முரசு ஒட்டும் இவ்விரு வழியிலேயே வளர்ந்தது. முதல் வழி மிகப் பழையது. அறுந்த மூக்கை அயலிலுள்ள கன்னத் தோலால் மீட்டமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கை அமைத்த புனா நகரத்துச் செய்கை 1794 இல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்து ஐரோப்பிய வைத்தியரை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டிலும் எடுத்த தோலின் ஒரு பக்கம் வெட்டப்படாமல் இரத்த ஓட்டத்தோடு நின்றது. பல்லின் முரசிலும் இவ்வாறே அயற்பல்லின் நல்ல முரசை ஒரு பக்கம் விட்டு நகர்த்தி வேரை மூடும் முறையை அமெரிக்காவில் குறூப், வாரன் என்னும் இருவர் 1956 இல் எழுதி வெளியிட்டனர். ஆனால் அயலில் நல்ல முரசு போதிய அளவு இருந்தாலன்றோ கடன் வாங்கலாம்? வரிசையாகப் பல பற்களில் முரசு கரைந்தவருக்கு இம்முறை உதவாது.

அதனால் இரண்டாம் வழி பிறந்தது. சுவீடனில் பியோர்ன் என்பவர் 1963 இல் வேறிடத்திலிருந்து முற்றாக வெட்டியெடுத்த இழையத்தை முரசில் ஒட்டியதை வெளியிட்டார். அமெரிக்காவில் 1968 இல் சலிவன், அற்கின்ஸ் ஆகியோர் அதன் நுணுக்கங்களை விரிவாக வகுத்தனர். வெட்டியெடுப்பதற்கு ஏற்ற இடம் மேலண்ணம். அங்குள்ள தோலும் உணவின் உராய்வைத் தாங்கி உரம் பெற்றது. பிள்ளைகள் நாவால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தால், கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே பற்களுக்கு உட்புறமாகத் தடித்த மேடு ஒன்று தட்டுப்படும். வைத்தியர் நாடுவது அதனையே. ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டே போதும். அண்ணத்தின் உள்ளே பெரிய நாடி ஒன்று ஓடுவதால், அதனைத் தீண்டாமல் எடுத்தல் கைத்திறன் வேண்டும் காரியம்.

1974 இல் ஈடெல் என்பவரும், 1985 இல் லாங்கர் தம்பதியரும் இதனை மேலும் திருத்தினர். அண்ணத்தின் மேற்றோலை ஒரு கதவுபோல் திறந்து, அதன் அடியிலுள்ள தொடுப்பிழையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கதவை மூடித் தைத்துவிடுவது புதிய முறை. எடுத்த இடத்தில் திறந்த புண் இராது, வேதனை குறையும். எடுத்த துண்டை வெறுமனே வேரின்மேல் வைக்காமல், மீதமுள்ள முரசை உயர்த்தி அதன் அடியிற் செருகி, மேலே முரசை இழுத்து மூடுகின்றனர். ஒட்டுக்கு அடியிலிருந்தும் மேலிருந்தும் இரு பக்கமும் இரத்தம் கிடைக்கிறது. இன்று வேரை மூடும் சத்திரசிகிச்சைகளில் முதன்மையாகக் கருதப்படுவது இதுவே.

தோலை அகற்றிவிட்டு உள்ளிழையத்தை மட்டும் வைத்தால், அது எந்தத் தோலைப் பெறும்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள்ளும் அதே லோ ஒருவர். காறிங், லாங் ஆகியோரோடு சேர்ந்து 1975 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளின் வாயில் அசையும் திரைச்சீலைப் பகுதிக்குள் முரசின் உள்ளிழையத்தைப் புதைத்து வைத்தனர். பின்னர் அதனை மூடியிருந்த பகுதியை நீக்கி, சுற்றிலுமுள்ள மெல்லிய தோல் அதன்மேற் படர விட்டனர். மெல்லிய தோலிலிருந்து வந்த கலங்களே முரசிழையத்தின் மேற் படர்ந்ததும் உரம் பெற்ற முரசுத் தோலாக மாறின. மேலே வருவது எங்கிருந்து வந்தாலென்ன, அடியில் இருப்பதே அதன் குணத்தை நிர்ணயித்தது. மாங்கன்றிலோ நேர்மாறு, அங்கே அடிமரம் எதுவாயினும் மேலே ஒட்டிய கிளையின் கனியே காய்க்கும். உவமை இவ்விடத்தில் முறிந்துவிடுகிறது. ஆயினும் எங்கிருந்து எடுத்து ஒட்டினாரோ அங்குள்ள குணமே ஒட்டோடு வந்து சேர்கிறது என்ற அளவில் இரண்டும் ஒத்தனவே.

சிகிச்சை நடைபெறும் முறை அச்சத்தை விளைவிப்பதன்று. பல் பிடுங்குவதற்குக் கொடுப்பது போன்ற மரப்பூசியே இதற்கும் போதுமானது; நோயாளி விழித்திருப்பார். முதலில் வேரிற் படிந்த காரையும் அழுக்கும் சுரண்டி அகற்றப்படும். பிறகு ஒட்டுக்குப் படுக்கை அமைக்கப்படும். அண்ணத்திலிருந்து துண்டு எடுக்கப்பட்டு, மயிரினும் மெல்லிய நூலால் அசையாமல் தைக்கப்படும். அசையாமை என்பதே இங்கு உயிர். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒட்டுக்குச் சொந்த இரத்தக்குழாய் இல்லை. படுக்கையிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சியே அது பிழைக்கிறது. அதன் பின் நுண்ணிய குழாய்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பத்து நாளளவில் இரத்த ஓட்டம் நிலைபெறும். இடையில் ஆவலினால் உதட்டைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியிற் பார்ப்பவர், மாங்கன்றின் கட்டை அவிழ்த்துப் பார்த்த சிறுவனையே ஒப்பர்.

வேர் என்பது கல்போன்றது, அதில் இரத்தமில்லை. வேரின்மேற் படுத்த ஒட்டுப் பகுதி இரு மருங்கிலுமுள்ள தசையிலிருந்தே உயிர் பெற வேண்டும். ஆகவே பல்லுக்கும் பல்லுக்கும் இடையே முக்கோணமாக நிற்கும் முரசும் அதன் அடியிலுள்ள எலும்பும் தம் உயரத்தில் நின்றாலே முழு வேரையும் மூட முடியும். இதனை அளவுகோலாகக் கொண்டு 1985 இல் மில்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் கரைவை நான்கு வகுப்பாகப் பிரித்தார். இடையெலும்பு குன்றாத முதலிரு வகுப்பிலும் வேர் முழுவதையும் மூடலாம், மூன்றாவதில் ஓரளவே, நான்காவதில் அந்த நம்பிக்கையே வேண்டாம். 2011 இல் இத்தாலிய அறிஞர் கைரோவும் பிறரும் இதனை மூன்றாகச் சுருக்கினர். கருத்து ஒன்றே.

இப்பொழுது ஒஸ்லோவையும் தேயிலைத் தோட்டத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். வெளிப்புறத்தில் மட்டும் முரசு கரைந்த நோர்வேஜியருக்கு ஒட்டு ஏற்றது. சுற்றிலும் எலும்பை இழந்த தொழிலாளிக்கு உலகின் தலைசிறந்த கைவினைஞர் ஒட்டினாலும் இழந்த முரசு முழுவதும் திரும்பாது. அவருக்கு வேண்டியது காரையகற்றலும் நாள்தோறும் செம்மையான துலக்கலும், மிஞ்சிய எலும்பைக் காத்தலுமே. இதனை அறியாமல், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அங்கே ஒட்டு வைத்துச் சீராகிவிட்டதாகக் கூறக் கேட்டு, தமக்கும் அதுவே வேண்டும் என்று குடாநாட்டில் ஒருவர் பிடிவாதஞ் செய்தால், பொருளும் நாளும் வீணாகும். அதற்கு எதிர்முனையிலுள்ள பிழையும் உண்டு. முரசு கரைந்தாற் பல்லை எடுத்துக் கட்டுப்பல் வைப்பதே வழி என்று எண்ணி, இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய பல்லை இழந்துவிடுவது. இரண்டாவது பிழையே பெரிது; எடுத்த பல் திரும்பாது.

ஒட்டு எல்லோருக்கும் தேவையுமன்று. உரம்பெற்ற முரசு இரண்டு மில்லிமீற்றர் அகலமாவது இருத்தல் நன்று என்று லாங்கும் லோவும் 1972 இல் எழுதினர். பின்வந்த ஆய்வுகளோ, அழுக்கு நாள்தோறும் அகற்றப்படுமாயின் அதனிலும் குறைந்த அகலத்தோடு முரசு நெடுங்காலம் நிலைத்து நிற்கும் என்று காட்டின. கரைவு முன்னேறுகிறதா, கூச்சம் தாங்க முடியாததா, வேரிற் சொத்தை தொடங்கியதா, சிரிக்கும்போது தெரியும் பல்லா, துலக்கினால் நோகும் இடமா என்பவற்றைப் பார்த்தே முடிவு செய்யப்படும். சற்றும் முன்னேறாத, வேதனை தராத, எழுபது வயதினரின் கடைவாயிலுள்ள கரைவைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். புகைபிடிப்போருக்கு இன்னொரு தடை உண்டு. புகையிலைப் புகை நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ஒட்டு நன்கு பற்றுவதில்லை. மூடும் அளவும் குறைகிறது. சுருட்டை விடாமல் ஒட்டு வைப்பது, நீர் பாய்ச்சாமல் நாற்று நடுவதற்குச் சமம். துலக்கும் முறையைத் திருத்தாதவருக்கும் அப்படியே; முன்னைய முரசைத் தேய்த்த கை புதிய முரசையும் தேய்க்கும்.

இவற்றையெல்லாம் நோயாளிக்கு அவருடைய மொழியில் எடுத்துரைப்பது வைத்தியத்தின் ஒரு பகுதி. யாழ்ப்பாணம் இதற்கு வழிகாட்டிய மண். 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணவரின் துணையோடு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867 இல் வெளிவந்தது. முரசு ஒட்டுவது அந்நூல் தோன்றி ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பிறந்த கலை. ஆயினும் அண்ணத்தில் ஏன் வெட்ட வேண்டும், எவ்வளவு வெட்டப்படும், பயன் எவ்வளவு என்னும் மூன்றையும் விளங்கத்தக்க தமிழிற் கேட்டறிந்த பின்பே நோயாளி உடன்படுதல் வேண்டும்; அதனைக் கேட்பதில் நாணவும் வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் முதல் சில நாட்கள் மிளகாயையும் சூட்டையும் விலக்கி, ஆறிய கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம் போன்ற மென்மையானவற்றை மறுபக்கத்தால் உண்ணலாம். புழுக்கொடியலும் முறுக்கும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். ஒட்டிய இடத்தை ஏறத்தாழ இரண்டு வாரம் துலக்காமல், வைத்தியர் தரும் மருந்து நீரால் வாய் அலசுவதே முறை. தையல் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அகற்றப்படும். அண்ணத்துப் புண் திறந்ததாயின் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். பின்னர் மென்மையான தூரிகையால், முரசிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் துலக்கத் தொடங்கலாம்.

தோலோடு எடுத்து ஒட்டிய பழைய முறையில், ஒட்டு அயல் முரசினும் வெளுத்து, மிதிவண்டி ரியூப்பில் ஒட்டிய துண்டுபோல் என்றும் தனித்தே தெரியும். மறைவான பற்களுக்கு அதனாற் குறையில்லை. உள்ளிழையம் மட்டும் வைத்த புதிய முறையில் நிறம் பெரும்பாலும் அயலோடு ஒன்றிவிடும். ஒட்டு வைத்த சில பற்களில் வைத்தியர்களே முதலில் வியந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. சிகிச்சையில் மூடாமல் எஞ்சிய வேரின்மேல், ஒரு மாதத்துக்குப் பின் தொடங்கி ஓராண்டளவும், முரசு ஒரு மில்லிமீற்றர் வரை தானாகவே ஊர்ந்து செல்லும். ஆதலால் முதல் மாதத்திற் கண்ணாடியைப் பார்த்து மனம் தளர்ந்தவரை, ஓராண்டு கழித்து அளந்து பார்க்க மறுபடி வருமாறு வைத்தியர் பணிக்கிறார்.